வீட்டில் கட்டிய விமானத்தில் புரொப்பெல்லர் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 'எக்ஸ்பெரிமென்டல்' பிரிவில் பதிவாகும், சொந்தக்காரரே கட்டிய ஒற்றை இன்ஜின் சிறு விமானங்களைப் பற்றியது இந்தப் பக்கம். வேன்ஸ் ஆர்வி வகைகள், சோனெக்ஸ், ஜெனித், லாங்-ஈஇசட் போன்றவற்றை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். லைக்கமிங், கான்டினென்டல், ரோட்டாக்ஸ் இன்ஜின்கள்தான் இவற்றில் அதிகம். போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் (இறுக்கும் திருப்புவிசை) என்பதுபோன்ற எண்களை இங்கே தேடாதீர்கள். அவை உங்கள் புரொப்பெல்லரைச் செய்தவர் கொடுத்த தாளில் இருக்கும். அந்தத் தாள்தான் கடைசி வார்த்தை.

தொழிற்சாலை விமானத்துக்கும் நாம் கட்டியதற்கும் புரொப்பெல்லர் விஷயத்தில் அப்படி என்ன வித்தியாசம்?

செஸ்னா, பைப்பர் போன்ற சான்றிதழ் பெற்ற விமானங்களில் எந்த இன்ஜினோடு எந்தப் புரொப்பெல்லர் சேரலாம் என்பதை முன்பே சோதித்து வைத்திருக்கிறார்கள். பிளேடுகளின் மேல் உணரிகளை ஒட்டி, எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான சுற்றுகள்) உலோகம் எவ்வளவு அதிர்கிறது என்று அளந்து, ஆபத்தான ஆர்பிஎம் எல்லைகளைக் குறித்திருக்கிறார்கள். நீங்கள் கட்டிய விமானத்தில் அப்படி யாராவது அளந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்ஜின் ஒருவரிடமிருந்து, புரொப்பெல்லர் இன்னொருவரிடமிருந்து, இக்னிஷன் மூன்றாமவரிடமிருந்து வந்திருக்கலாம். மூன்றும் தனித்தனியாக நல்ல பொருள்கள்தான். சேர்ந்து எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் கேள்வி.

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. இதை எவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு ஒரு அடையாளம் இருக்கிறது. சான்றிதழ் பெற்ற இன்ஜின்-புரொப்பெல்லர் ஜோடி என்றால் முதல் கட்டச் சோதனைப் பறப்பு வழக்கமாக 25 மணி நேரம். ஜோடி அப்படிப்பட்டதாக இல்லாவிட்டால் 40 மணி. விமானத்தின் உடலை நீங்களே ரிவெட் அடித்து உருவாக்கியிருந்தாலும், அந்தக் கூடுதல் 15 மணி நேரத்தைத் தீர்மானிப்பது முன்னால் இருக்கும் இந்த ஜோடிதான். ஆகவே கோளாறு தேடும்போதும் புரொப்பெல்லரை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். கீழே வரும் பதில்களில் பாதி இன்ஜினைப் பற்றியதாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

பறந்துகொண்டிருக்கும்போது திடீரென அதிர்வு வந்தால்?

உடனே பவரைக் குறையுங்கள், வேகத்தைக் குறையுங்கள், இறங்க இடம் பாருங்கள். லேசான அதிர்வு என்றால் எந்த ஆர்பிஎம்மில் குறைகிறதோ அதில் வைத்துக்கொண்டு அருகிலுள்ள ஓடுதளத்துக்குப் போகலாம். கைப்பிடியே கையில் நிற்காத அளவு உதறல் என்றால் இன்ஜினை நிறுத்த வேண்டும். காற்றில் சுழன்றுகொண்டே இருந்தால் மூக்கை உயர்த்தி, ஸ்டாலுக்குப் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) போகாமல், சுழற்சி நிற்கும் அளவுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு உயரம் இருந்தால் மட்டும்.

ஏன் இத்தனை அவசரம்? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 72 அங்குலப் புரொப்பெல்லர் 2,700 ஆர்பிஎம்மில் சுழல்கிறது. பிளேடு நுனியில் வெறும் 10 கிராம் துண்டு பிய்த்துக்கொண்டு போனால், எதிர்ப்பக்கத்துப் பிளேடு இன்ஜினைச் சுமார் 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். அந்த இழுப்பு வினாடிக்கு 45 முறை திசை மாறிச் சுற்றி வரும். போனது 10 கிராமுக்குப் பதிலாகக் கால் பிளேடு என்றால், இன்ஜின் மவுன்ட்டே கழன்று இன்ஜின் கீழே விழலாம். முன்னால் அந்த எடை இல்லாமல் போனால் விமானத்தைக் கிளைடு செய்து இறக்கவும் முடியாது.

முன்பு இல்லாத அதிர்வு இப்போது இருக்கிறது. தரையில் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

முதலில் பாதுகாப்பு. மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் கருவி) சுவிட்ச் அணைந்திருக்கிறது என்பதை நம்பாதீர்கள். மேக்னெட்டோவை 'எர்த்' செய்யும் கம்பி உடைந்திருந்தால் சுவிட்ச் 'ஆஃப்' காட்டும்போதும் இன்ஜின் பற்றிக்கொள்ளும். புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டிய எந்த வேலைக்கும் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், வாலைக் கட்டுங்கள்.

அப்புறம், அதிர்வு எப்போது வருகிறது என்பதை எழுதிப் பாருங்கள். பாதிக் கோளாறு அதிலேயே தெரிந்துவிடும்.

ஆர்பிஎம் ஏற ஏறச் சீராகக் கூடுகிறதா? எடைச் சமநிலை கெட்டிருக்கிறது. ஆர்பிஎம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். பிளேடு சேதம், ஸ்பின்னரில் (புரொப்பெல்லர் நடுவை மூடும் கூம்பு) விரிசல், ஸ்பின்னருக்குள் புகுந்த தண்ணீர் அல்லது பனிக்கட்டி, முன்பு இருந்த சமன் எடை கழன்று போனது எல்லாம் இந்த வகை.

ஆர்பிஎம் மாறாமல் பவர் மட்டும் மாறும்போது அதிர்வு மாறுகிறதா? கான்ஸ்டன்ட் ஸ்பீடு (பிளேடு கோணம் தானாக மாறி ஆர்பிஎம்மை நிலையாக வைக்கும்) புரொப்பெல்லரில் இதை எளிதாகச் சோதிக்கலாம். ஆர்பிஎம்மை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு த்ராட்டிலை மட்டும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். மாறினால் எடை காரணமல்ல. பிளேடுகளின் கோணம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அல்லது ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை.

குறுகிய ஓர் ஆர்பிஎம் எல்லையில் மட்டும் வந்து, தாண்டியதும் மறைந்துவிடுகிறதா? அது ஒத்ததிர்வு. இதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

ஐடிலில் (த்ராட்டில் மூடிய மெதுவான ஓட்டத்தில்) மட்டும் குலுங்குகிறதா? ரோட்டாக்ஸ் 912 என்றால் புரொப்பெல்லரைத் தொடுவதற்கு முன் இரண்டு கார்புரேட்டர்களும் ஒன்றுபோல் திறக்கின்றனவா என்று பாருங்கள். ஐடில் 1,400க்குக் கீழே போகிறதா என்றும் பாருங்கள். அந்த இன்ஜினின் கியர்பாக்ஸ் குறைந்த ஐடிலையும் கனமான புரொப்பெல்லரையும் சகிக்காது. புரொப்பெல்லரின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி வேகம் மாறுவதற்குக் காட்டும் எதிர்ப்பு) 6,000 கிலோ-சதுர சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று ரோட்டாக்ஸே வரம்பு வைத்திருக்கிறது.

இன்ஜின் மவுன்ட் ரப்பர்களையும், எக்ஸாஸ்ட் குழாய் கௌலிங்கில் (இன்ஜினின் மேல்மூடி) உரசுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தளர்ந்து தொங்கும் ரப்பரால் இன்ஜின் சற்றே இறங்கி, ஸ்பின்னர் கௌலிங்கைத் தொடும் அளவுக்கு வந்துவிடும். அதைப் புரொப்பெல்லர் அதிர்வு என்று நினைத்து மாதக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

ட்ராக் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

எல்லாப் பிளேடுகளின் நுனியும் ஒரே தளத்தில் சுற்ற வேண்டும். அதைத்தான் ட்ராக் என்கிறோம். அசையாத ஒரு பெட்டியையோ மரக்கட்டையையோ ஒரு நுனியைத் தொட்டுக்கொண்டிருக்குமாறு தரையில் வையுங்கள். நுனி நிற்கும் இடத்தைக் கோடு போட்டு, அடுத்த பிளேடை அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கிராங்க்ஷாஃப்டில் (இன்ஜினின் சுழலும் தண்டு) முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் புரொப்பெல்லரை ஒரே திசையில் லேசாக இழுத்துப் பிடித்தபடி அளக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அளவு பொய்யாகிவிடும்.

6 அடி வரை விட்டமுள்ள உலோகப் புரொப்பெல்லருக்கு எஃப்.ஏ.ஏ. கையேடு சொல்லும் எல்லை 1/16 அங்குலம், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர். மரத்துக்கு 1/8 அங்குலம்.

அதற்கு மேல் இருந்தால் உடனே பிளேடைக் குறை சொல்ல வேண்டாம். கழற்றி, ஹப் (பிளேடுகள் சேரும் நடுப்பகுதி) உட்காரும் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். ஒரு துளி பெயின்ட், ஒரு பிசிறு, மடங்கிய ஒரு ஷிம் போதும், நுனியில் பல மடங்காகத் தெரியும். துடைத்த பிறகும் பிழை இருந்தால், சோதனைக்காக மட்டும் புரொப்பெல்லரை 180 டிகிரி திருப்பி மாட்டி மறுபடி அளங்கள். பிழை பிளேடோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் பிளேடில். நகராமல் ஃப்ளாஞ்சின் (கிராங்க்ஷாஃப்டின் முன்முனைத் தட்டு) அதே பக்கத்தில் நின்றால் கிராங்க்ஷாஃப்ட் ஃப்ளாஞ்ச் வளைந்திருக்கிறது. பின்னது பெரிய செய்தி. அதோடு பறக்கவே கூடாது.

டைனமிக் பேலன்ஸ் செய்தால் போதுமா?

நல்ல விஷயம்தான், எல்லாரும் செய்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் வரிசையில் அது கடைசி. ட்ராக், போல்ட், பிளேடு கோணம், சிலிண்டர் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியது. இன்ஜின் மேல் ஓர் அதிர்வு உணரியையும், புரொப்பெல்லரின் நிலையைப் பார்க்கும் ஓர் ஒளி உணரியையும் வைத்து ஓடவிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு எடை சேர்க்க வேண்டும் என்று கருவி சொல்லும். ஸ்பின்னர் தட்டில் வாஷர்களாக அதைச் சேர்ப்பார்கள். அதிர்வை வினாடிக்கு இத்தனை அங்குலம் என்று அளப்பது வழக்கம். 0.07க்குக் கீழே வந்தால் நன்று. 0.25க்கு மேல் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். 1.2ஐத் தாண்டினால் எடை சேர்த்துச் சரிசெய்யக் கூடாது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி முதலில் ஸ்டேடிக் பேலன்ஸ் செய்ய வேண்டும்.

பேலன்ஸ் செய்தபின் புரொப்பெல்லரும் ஃப்ளாஞ்சும் சேரும் இடத்தில் அடையாளம் போட்டுவிடுங்கள். அடுத்த முறை கழற்றி வேறு துளையில் மாட்டினால் செய்த வேலை வீண்.

தரையில் கோணம் மாற்றும் புரொப்பெல்லரில் பிளேடு கோணம் வைப்பது எப்படி?

0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் கோணமானி வேண்டும். எல்லாப் பிளேடுகளிலும் ஹப்பிலிருந்து ஒரே தூரத்தில் டேப் ஒட்டி, அங்கே மட்டும் அளங்கள். பிளேடு முறுக்காக இருப்பதால் தூரம் மாறினால் கோணமும் மாறும். ஒவ்வொரு பிளேடையும் கடிகாரத்தின் 9 மணி நிலை போன்ற ஒரே நிலைக்குக் கொண்டுவந்து அளப்பது அதைவிட முக்கியம். விமானம் சற்றுச் சாய்ந்து நின்றாலும் அந்தச் சாய்வு எல்லா அளவிலும் ஒரேபோல் சேரும், வித்தியாசம் மட்டும் மிஞ்சும். கவ்விகளை இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளங்கள். இறுக்கும்போது பிளேடு நகரும்.

முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் ஏறவில்லை. புரொப்பெல்லர் தவறா, இன்ஜின் தவறா?

மூன்றாவது சாத்தியம்தான் முதலில் பார்க்க வேண்டியது: ஆர்பிஎம்மைக் காட்டும் டாக்கோமீட்டர். பழைய மெக்கானிக்கல் டாக்கோமீட்டர் பல ஆண்டு ஓடிய பிறகு குறைத்தே காட்டும். கையில் பிடிக்கும் ஆப்டிக்கல் டாக்கோமீட்டர் விலை அதிகமில்லை. ஹேங்கர் விளக்குக்குக் கீழே அதைப் பயன்படுத்தாதீர்கள், விளக்கின் துடிப்பையே எண்ணிவிடும். வெளியே, பின்னணியில் வானம் இருக்கும்படி, பிளேடு வட்டத்துக்கு வெகு தூரம் பின்னால் காக்பிட்டிலிருந்தே பாருங்கள். எத்தனை பிளேடு என்று கருவியில் சரியாக வைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

டாக்கோமீட்டர் உண்மை சொல்கிறது என்றால், அடுத்த கேள்வி: முன்பு ஏறி இப்போது ஏறவில்லையா, அல்லது முதல் நாளிலிருந்தே ஏறவில்லையா? நிலையான பிட்ச் (பிளேடு கோணம் மாறாத) புரொப்பெல்லரின் பிட்ச் தானாகக் கூடுவதில்லை. முன்பு 2,250 வந்து இப்போது 2,100 தான் வருகிறது என்றால் இன்ஜின் பலம் இழந்திருக்கிறது. த்ராட்டில் கேபிள் முழுவதும் திறக்கிறதா, கார்புரேட்டர் ஹீட் முழுவதும் மூடுகிறதா, மஃப்ளர் உள்ளே சரிந்து அடைத்திருக்கிறதா, கம்ப்ரஷன் எப்படி என்று அந்தப் பக்கம் போங்கள்.

முதல் நாளிலிருந்தே இப்படித்தான் என்றால் பிட்ச் அதிகம். ஆனால் அவசரப்படாதீர்கள். லைக்கமிங் ஓ-320 அல்லது ஓ-360 இன்ஜினில் வேகப் பறப்புக்கான நிலையான பிட்ச் புரொப்பெல்லர் மாட்டினால், நின்ற இடத்தில் 2,100 முதல் 2,300 வரை வருவதே இயல்பு. கருவிப் பலகையில் 2,700 என்று சிவப்புக் கோடு (அதிகபட்ச எல்லை) இருப்பதால் தரையிலேயே அது வர வேண்டும் என்பதில்லை. வேகம் ஏற ஏற பிளேடின் மேல் சுமை குறைந்து ஆர்பிஎம் ஏறும். சரியான பிட்ச் என்பது, நீங்கள் வழக்கமாகப் பறக்கும் உயரத்தில் மட்டப் பறப்பில் முழு த்ராட்டில் கொடுத்தால் சிவப்புக் கோட்டை எட்டி, தாண்டாமல் நிற்பது. குறுகிய ஓடுதளத்திலிருந்து கிளம்புபவர் இன்னும் கொஞ்சம் குறைந்த பிட்ச் வைத்துக்கொண்டு, மட்டப் பறப்பில் த்ராட்டிலைக் கவனமாகக் கையாள வேண்டும். இரண்டும் ஒரே புரொப்பெல்லரில் கிடைக்காது.

நிலையான பிட்ச் புரொப்பெல்லரில் ஓர் அங்குலப் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய கணக்குத் தூரம்) மாற்றம் ஆர்பிஎம்மைச் சில பத்துகள் மாற்றும். தரையில் கோணம் மாற்றும் புரொப்பெல்லரோடு ரோட்டாக்ஸ் 912 என்றால் ஒரு டிகிரிக்கு இன்ஜின் ஆர்பிஎம் 200, 300 என்று நகரும். ரோட்டாக்ஸில் இன்ஜின் ஆர்பிஎம் வேறு, புரொப்பெல்லர் ஆர்பிஎம் வேறு என்பதை மறக்க வேண்டாம். 912 யூஎல்எஸ் வகையில் கியர் விகிதம் 2.43. இன்ஜின் 5,800இல் ஓடும்போது புரொப்பெல்லர் சுமார் 2,390 தான். அந்த இன்ஜினை முழு த்ராட்டிலில் 5,200க்குக் கீழே இழுத்து ஓட்டுவது அதைப் பாழாக்கும். அதிகப் பிட்ச் வைத்துவிட்டு, 'எரிபொருள் மிச்சமாகிறது' என்று மகிழ்பவர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் அதிர்கிறது. அந்த எல்லையைத் தவிர்த்துப் பறந்தால் போதாதா?

பல நேரங்களில் அதுவே சரியான பதில். லைக்கமிங் ஓ-360 இன்ஜினோடு ஹார்ட்செல் இரண்டு பிளேடு உலோகப் புரொப்பெல்லர் சேரும் சில ஜோடிகளில் 2,000 முதல் 2,250 வரை தொடர்ந்து ஓட்டக் கூடாது என்று எச்சரிக்கைப் பலகையே ஒட்ட வேண்டும். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கிராங்க்ஷாஃப்டை உதைக்கிறது. அந்த உதை பிளேடின் இயல்பான அதிர்வெண்ணோடு பொருந்தும் இடத்தில் உலோகத்தின் மேல் அழுத்தம் பல மடங்காகும்.

இதில் கொடுமை என்னவென்றால், மிக ஆபத்தான ஒத்ததிர்வு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமலே இருக்கலாம். பிளேடு நுனி துடிக்கும், இருக்கை அமைதியாக இருக்கும். அதனால் 'எனக்கு எதுவும் தெரியவில்லை, ஆகவே பிரச்சினை இல்லை' என்ற வாதம் செல்லாது. உலோகப் புரொப்பெல்லர் வைத்திருந்து, இன்ஜினில் பிஸ்டன் மாற்றிக் கம்ப்ரஷன் கூட்டினாலோ, மேக்னெட்டோவை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டாலோ, புரொப்பெல்லர் செய்தவரிடம் கேட்டாக வேண்டும். சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் மாறினால் உதையின் வலிமையும் மாறும். பழைய தடை எல்லைகள் அப்புறம் பொருந்தாமல் போகலாம். விட்டத்தைக் குறைப்பதும் அப்படியே. நுனியை வெட்டினால் பிளேடின் இயல்பு அதிர்வெண் மாறிவிடும்.

மரமும் நல்ல கலவை இழைகளும் இந்த அதிர்வை உள்ளேயே தணித்துக்கொள்ளும். யாரும் அளந்து பார்க்காத இன்ஜின் ஜோடிக்கு மரத்தைப் பரிந்துரைப்பது அதனால்தான். வேகத்தில் இரண்டு மூன்று நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) குறைந்தாலும் நான் மரத்தையே சொல்வேன்.

மரப் புரொப்பெல்லரின் போல்ட்டுகளை எத்தனை முறை பார்க்க வேண்டும்?

நினைப்பதைவிட அடிக்கடி. முதல் பறப்பு முடிந்ததும், பிறகு 25 மணி நேரத்தில், அதற்குப் பின் 50 மணிக்கு ஒருமுறையாவது என்பது பொதுவான அறிவுரை. பருவம் மாறும்போதெல்லாம் கூடுதலாக ஒருமுறை. மரம் ஈரத்தில் பெருக்கும், வறட்சியில் சுருங்கும். ஃப்ளோரிடாவின் புழுக்கத்தில் இறுக்கிய புரொப்பெல்லரை அரிசோனாவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினால், சில வாரங்களில் ஹப் மெலிந்து போல்ட்டின் பிடி போய்விடும். விஸ்கான்சின் குளிர்காலத்தில் சூடேற்றிய ஹேங்கரும் இதையே செய்யும்.

பிடி போவது ஏன் இவ்வளவு முக்கியம்? இன்ஜினின் திருப்புவிசை ஃப்ளாஞ்சிலிருந்து மரத்துக்குப் போவது பெரும்பாலும் உராய்வினால்தான். போல்ட்டின் வேலை மரத்தை ஃப்ளாஞ்சோடு நெருக்கிப் பிடிப்பது. நெருக்கம் குறைந்தால் ஒவ்வொரு உதைக்கும் மரம் நூலளவு நழுவும். நழுவலில் சூடு பிறக்கும், மரம் கருகும், கருகிய மரம் இன்னும் மெலியும். அப்புறம் சுமை முழுவதும் போல்ட்டின் மேல் விழுந்து ஒவ்வொன்றாக முறியும். கழற்றும்போது ஹப்பின் பின்முகம் கறுத்தோ மினுமினுப்பாகவோ இருந்தால், துளைகள் முட்டை வடிவில் நீண்டிருந்தால், அந்தப் புரொப்பெல்லரை மறுபடி மாட்டாதீர்கள். செய்தவரிடம் அனுப்புங்கள்.

அதற்காக வெறியோடு இறுக்குவதும் தவறு. அதிக டார்க் மரத்தின் இழைகளை நசுக்கும். நசுங்கிய மரம் பிடியைத் தராது. முன்பக்க அழுத்தத் தட்டு இல்லாமல் போல்ட் தலையையும் வாஷரையும் நேரடியாக மரத்தில் உட்கார வைப்பது கூடவே கூடாது. எதிரெதிர் போல்ட்டுகளாக, சிறிது சிறிதாக இறுக்கி, இடையிடையே ட்ராக்கைப் பாருங்கள். மர ஹப்பில் ட்ராக்கைக் கெடுப்பதும் சரிசெய்வதும் இந்த இறுக்கும் வரிசையே. போல்ட் நீளமும் பாருங்கள். நட்டின் மரையில் முட்டிக்கொண்டு நிற்கும் போல்ட், டார்க் ரெஞ்சில் சரியான எண்ணைக் காட்டும், ஆனால் மரத்தைப் பிடித்திருக்காது.

நிறுத்தும்போது இரண்டு பிளேடு மரப் புரொப்பெல்லரைப் படுக்கை நிலையில் விடுங்கள். செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ்ப் பிளேடில் சேர்ந்து சமநிலை கெடும். நுனியில் பித்தளைத் தகடு இருந்தால் அதில் ஊசித்துளைகள் இருக்கும். அவை உள்ளே சேரும் ஈரம் வெளியேற விட்டவை, வார்னிஷால் அடைத்துவிடாதீர்கள்.

மரத்தில் சிறு விரிசல் தெரிகிறது. பசை போட்டுப் பறக்கலாமா?

வார்னிஷில் மட்டும் உள்ள மயிரிழைக் கோடு என்று செய்தவர் சொன்னால் சரி. மரத்துக்குள் போன விரிசல் என்றால் வேண்டாம்.

வீட்டில் கட்டிய விமானங்களின் கதை ரைட் சகோதரர்களோடு தொடங்குகிறது, புரொப்பெல்லர் தொல்லையும் அவர்களோடேயே. 1903 நவம்பரில் கிட்டி ஹாக்கில் சோதனை ஓட்டத்தின்போது குழாயாலான புரொப்பெல்லர் தண்டு விரிசல் விட்டது. ஆர்வில் டேட்டன் வரை திரும்பிப் போய்த் திடமான எஃகுத் தண்டுகளைச் செய்து எடுத்துவந்த பிறகுதான் டிசம்பர் 17இல் பறந்தார்கள். கொடுமையான பாடம் ஐந்து ஆண்டு கழித்து வந்தது. 1908 செப்டம்பர் 17 அன்று வர்ஜீனியாவின் ஃபோர்ட் மையரில், ஆர்வில் ஓட்டிய விமானத்தில் ஒரு மரப் பிளேடு நீளவாட்டில் விரிந்தது. விரிந்த பிளேடு தன் உந்துவிசையை இழந்தது, சமநிலை கெட்டு அதிர்வு வந்தது, ஆடிய புரொப்பெல்லர் வால் சுக்கானைத் தாங்கிய கம்பியில் அடித்தது. விமானம் தலைகுப்புற விழுந்து, உடன் வந்த லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். எஞ்சினால் இயங்கும் விமானத்தின் விபத்தில் இறந்த முதல் மனிதர் அவர். ஆர்வில் கால் எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தார். தொடக்கத்தில் பிளேடு பறந்துபோகவில்லை, துண்டாகவும் இல்லை. நீளவாட்டில் ஒரு விரிசல், அவ்வளவுதான்.

உலோகப் பிளேடில் கல் பட்டு வெட்டு விழுந்திருக்கிறது. அரம் போட்டுச் சரிசெய்யலாமா?

சிறியதாக இருந்தால் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. கூர்மையான அடிப்பகுதி உள்ள வெட்டில்தான் உலோகச் சோர்வு விரிசல் தொடங்கும். வெட்டின் அடிவரை மெல்லிய அரத்தால் தேய்த்து, ஆழத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு நீளத்துக்குச் சரிவாகக் கொண்டுபோய், பிளேடின் நீளவாட்டில் உப்புத்தாளால் மழமழப்பாக்குங்கள். குறுக்குக் கீறல் எதுவும் மிஞ்சக் கூடாது. பூதக்கண்ணாடி வைத்து அடியில் விரிசல் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். சந்தேகமிருந்தால் ஊடுருவும் சாயச் சோதனை. எவ்வளவு ஆழம்வரை நீங்களே செய்யலாம் என்பதற்குச் செய்தவரின் எல்லை உண்டு. ஹப்பை ஒட்டிய பகுதியில் வெட்டு என்றால் நேராகப் பட்டறைதான்.

வளைந்த பிளேடை நிமிர்த்துவது உங்கள் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல. முழங்காலில் வைத்து அழுத்தி நேராக்கியது என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கற்களைத் தவிர்க்க எளிய வழி உண்டு: சரளைக்கல் தரையில் நின்ற இடத்தில் பவர் ஏற்றாதீர்கள். உருளத் தொடங்கியபின் மெதுவாக ஏற்றினால் கற்கள் பெரும்பாலும் பின்னால் தங்கிவிடும்.

புல்லில் லேசாகத் தட்டியது. நுனி மட்டும் சற்று வளைந்திருக்கிறது. இன்ஜினையும் திறக்க வேண்டுமா?

வேண்டும். லைக்கமிங் கணக்கில், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததோ இல்லையோ, சிறு அரவேலைக்கு மேல் புரொப்பெல்லருக்குப் பழுதுபார்ப்பு தேவைப்படும் எந்த மோதலும் 'புரொப்பெல்லர் ஸ்ட்ரைக்' தான். தண்ணீரிலோ உயரமான புல்லிலோ பட்டு ஆர்பிஎம் குறைந்தாலும் அப்படியே. கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் உள்ள கியரைப் பிடித்திருக்கும் போல்ட்டும் சிறு ஊசியும் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. அவை போனால் மேக்னெட்டோவும் கேம்ஷாஃப்டும் ஒரே நேரத்தில் நிற்கும். 2004இல் எஃப்.ஏ.ஏ. இதற்காகவே ஓர் உத்தரவு வெளியிட்டது. செலவு கசக்கும்தான். அதற்காகத் தவிர்க்கக் கூடியதல்ல இது.

கான்ஸ்டன்ட் ஸ்பீடு புரொப்பெல்லரில் ஆர்பிஎம் ஏறி இறங்கி அலைகிறது, அல்லது சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறது. ஏன்?

இங்கே இரண்டு தடைகள் இருக்கின்றன. பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஹப்புக்குள் குறைந்தபட்ச பிட்ச் தடை ஒன்று. கவர்னரில் (எண்ணெய் அழுத்தத்தால் பிளேடு கோணத்தை மாற்றி ஆர்பிஎம்மைப் பிடித்துவைக்கும் கருவி) அதிகபட்ச ஆர்பிஎம் திருகு இன்னொன்று. நின்ற இடத்தில் முழு த்ராட்டிலில் எவ்வளவு ஆர்பிஎம் வருகிறது என்பதைப் பெரும்பாலும் முதல் தடை தீர்மானிக்கிறது. பறக்கும்போது எங்கே நிற்கிறது என்பதைக் கவர்னர் தீர்மானிக்கிறது. தரையில் 2,620, ஓடத் தொடங்கியதும் ஏறி 2,700இல் நின்றுவிட்டது என்றால் எல்லாம் சரி. 2,760 வரை ஏறி அங்கே அசையாமல் நிற்கிறது என்றால் கவர்னர் திருகைச் சற்றுத் திருத்தினால் போதும், ஹப்பைத் தொட வேண்டாம். எங்கும் நிற்காமல், வேகத்தோடு ஏறிக்கொண்டே போகிறது என்றால் புரொப்பெல்லர் நிலையான பிட்ச் போல நடந்துகொள்கிறது. கவர்னரிலிருந்து எண்ணெய் அழுத்தம் ஹப்புக்குப் போகவில்லை.

ஒற்றை இன்ஜின் விமானங்களில் வழக்கமான அமைப்பில் எண்ணெய் அழுத்தம்தான் பிட்ச்சைக் கூட்டுகிறது. அழுத்தம் போனால் பிளேடு குறைந்த பிட்ச்சுக்குத் திரும்பி ஆர்பிஎம் ஏறும். அப்படி ஏறும்போது எண்ணெய் அழுத்த மானியை உடனே பாருங்கள். இன்ஜின் எண்ணெய் முழுவதும் வெளியே போய்க்கொண்டிருக்கலாம்.

நிலையான பிட்ச்சிலிருந்து கான்ஸ்டன்ட் ஸ்பீடுக்கு மாறிய லைக்கமிங்கில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. கிராங்க்ஷாஃப்டின் முன்பகுதி குழல்போல உள்ளீடற்றது. நிலையான பிட்ச்சுக்கு முன்முனையில் அடைப்பு இருக்கும், உள்ளே இருக்கும் பின் அடைப்பு துளையிடப்பட்டோ எடுக்கப்பட்டோ இருக்கும். கான்ஸ்டன்ட் ஸ்பீடுக்கு இது நேரெதிர்: முன் அடைப்பை எடுத்துவிட்டு, பின் அடைப்பைத் துளையில்லாமல் பொருத்த வேண்டும். அதை மறந்தால் கவர்னர் அனுப்பும் எண்ணெய் எல்லாம் கிராங்க்கேஸுக்குள் வடிந்துவிடும். புதுக் கவர்னர் வாங்கிப் போட்டாலும் தீராது.

அலைச்சலுக்கு வருவோம். கிளம்பும் முன் இரண்டு மூன்று முறை புரொப்பெல்லர் லீவரை இழுத்து விடுவது, உள்ளே சிக்கிய காற்றையும் குளிர்ந்த எண்ணெயையும் வெளியேற்றத்தான். அதற்குப் பிறகும் அலைந்தால், அது கவர்னரா இன்ஜினா என்று பிரிக்க வேண்டும். லீவரை முழுவதும் முன்னால் தள்ளி, பிளேடு குறைந்த பிட்ச் தடையில் உட்காரும் அளவுக்குப் பவரைக் குறையுங்கள். அங்கே கவர்னருக்கு வேலையில்லை. அப்போதும் ஆர்பிஎம் அலைந்தால் எரிபொருளும் இக்னிஷனும்தான் காரணம். அலைச்சல் நின்றுவிட்டால் கவர்னர், அதன் கேஸ்கட்டில் உள்ள வடிகட்டி, ஹப்புக்குள் சேர்ந்த கசடு என்று தேடுங்கள்.

பிளேடில் எண்ணெய் கோடுகள் தெரிகின்றன.

கருத்த எண்ணெய் என்றால் இன்ஜினுடையது. கிராங்க்ஷாஃப்டின் முன் சீல் அல்லது ஹப்பின் ஓ-ரிங். கெட்டியான கிரீஸ், புதிதாக ஓவர்ஹால் செய்த ஹப்பிலிருந்து முதல் சில மணி நேரம் கொஞ்சம் வருவது உண்டு. நிற்காவிட்டால் பட்டறைக்கு. கிரீஸ் அடிக்கும்போது எதிர்ப்பக்க நிப்பிளைக் கழற்றாமல் அடித்தால் சீல் பிதுங்கும். சில மெக்காலி ஹப்புகளில் சிவப்புச் சாயம் கலந்த எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். ஹப்பில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரிவதற்காகவே அந்தச் சாயம். சிவப்பைப் பார்த்தால் அன்று பறக்காதீர்கள்.

லாங்-ஈஇசட் போலப் பின்னால் புரொப்பெல்லர் உள்ளவற்றுக்கு வேறு என்ன?

பர்ட் ருட்டான் வடிவமைத்த வாரிஈஸ், லாங்-ஈஇசட் ஆகியவற்றில் இறக்கை, கௌலிங் எல்லாவற்றையும் கடந்து கலங்கிய காற்றுக்குள் புரொப்பெல்லர் சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் பின்னால் போகும்போது பிளேடுக்குக் கூடுதலாக ஓர் அடி விழுகிறது. உலோகம் இதில் சீக்கிரம் சோர்ந்துவிடும், ஆகவே மரமோ கலவை இழையோதான். கௌலிங்கிலிருந்து கழன்ற ஒவ்வொரு திருகும் நேராகப் பிளேடுக்குத்தான் போகும். எக்ஸாஸ்ட் சூடு பிளேடில் படும் இடத்தில் பெயின்ட் நிறம் மாறுகிறதா, கொப்புளம் வருகிறதா என்று ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் பாருங்கள். கழுத்துப் பட்டி, தொப்பி, வரைபடம் எதுவும் திறந்த மூடியிலிருந்து பறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் இவர்களுக்குப் புரொப்பெல்லர் பராமரிப்பின் பகுதியே.

புரொப்பெல்லர் மிகவும் இரைகிறது. கோளாறா?

பெரும்பாலும் நுனி வேகம். விட்டத்தை மீட்டரில் எடுத்து, 3.14ஆலும் வினாடிக்கான சுற்றுகளாலும் பெருக்குங்கள். 72 அங்குலம், 2,700 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 258 மீட்டர். விமானம் 150 நாட் வேகத்தில் போனால் நுனியின் மொத்த வேகம் 270. ஒலியின் வேகம் 15 டிகிரி வெப்பத்தில் 340. குளிர்ந்த உயரத்தில் அது இன்னும் குறையும். நுனி வேகம் ஒலி வேகத்தின் 0.85 மடங்கை நெருங்கும்போது இரைச்சல் கூடி, உந்துவிசை வீணாகத் தொடங்கும். முன்பு இல்லாத இரைச்சலோ விசிலோ புதிதாக வந்தால் அது வேறு. நுனித் தகடு தூக்கியிருக்கிறதா, பிளேடின் முன்விளிம்பில் ஒட்டிய டேப் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புரொப்பெல்லரையே மாற்றிவிட்டேன். எழுத்து வேலை என்ன?

நிலையான பிட்ச்சிலிருந்து மாறும் பிட்ச்சுக்குப் போவது போன்றவை பெரிய மாற்றமாகக் கருதப்படும். உங்கள் விமானத்தோடு கொடுக்கப்பட்ட இயக்க வரம்புகள் தாளை எடுத்துப் பாருங்கள். வழக்கமாக எஃப்.ஏ.ஏ.யின் உள்ளூர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மறுபடி முதல் கட்டச் சோதனையில் குறைந்தது 5 மணி நேரம் பறக்க வேண்டும். எடை மாறினால் எடை-சமநிலைக் கணக்கும் புதிது. முன்னால் போகும் ஒவ்வொரு கிலோவும் சமநிலைப் புள்ளியை இழுக்கும்.

சரிசெய்த பிறகு முதல் பறப்பு எப்படி?

கௌலிங் இல்லாமல் தரையில் சூடேற்றி ஓட்டி, நிறுத்தி, எண்ணெய்க் கசிவையும் போல்ட்டுகளையும் பாருங்கள். பிறகு தனியாக, ஓடுதளத்துக்கு மேலேயே, கிளைடு செய்து இறங்கும் தூரத்துக்குள் கால் மணி நேரம் வட்டமிடுங்கள். இறங்கி இன்ஜின் ஆறியதும் ஸ்பின்னரைக் கழற்றி மறுபடி டார்க் பாருங்கள், புது சேஃப்டி வயர் போடுங்கள். ஆர்பிஎம், வேகம், வெப்பம், உயரம் எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த முறை ஆர்பிஎம் குறைந்தால் ஒப்பிட அந்த எண்கள் தேவைப்படும்.